பணம் போன நாளும் போனதாக எழுதிய நாளும்

ஒரு கம்பெனிக் கடன் தவணை தவறி 85 நாள் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 நாளைத் தாண்டினால் அதை வாராக்கடன் என்று எழுதியே ஆகவேண்டும், பெரும்பாலான நாடுகளில் கணக்கு இதுதான். மேலாளர் போனை எடுக்கிறார். “சார், அசலை அப்புறம் பேசிக்கலாம், மாசக் கடைசிக்குள்ள வட்டியையாவது கட்டிடுங்க.” அந்தப் பக்கத்திலிருந்து, “கையில காசு இருந்தா கட்டியிருக்க மாட்டேனா சார்?” “அதுக்குத்தான் உங்க இன்னொரு கம்பெனி பேர்ல ஒரு புதுக் கடன் லிமிட் போட்டுத் தர்றேன். அதுல எடுத்து இதுல கட்டிடுங்க.” இரண்டு நாளில் காகிதம் தயார். மூன்றாம் நாள் பழைய கணக்கில் வட்டி விழுகிறது. கடன் மறுபடியும் நல்ல கடன்.

நடந்தது இவ்வளவுதான்: வங்கியின் பணமே ஒரு சுற்று சுற்றிவிட்டு வங்கிக்கே திரும்பி வந்திருக்கிறது, வெளியிலிருந்து ஒரு பைசா உள்ளே வரவில்லை. ஆனால் புத்தகத்தில் வட்டி வருமானம் ஏறிவிட்டது, அதை வைத்து லாபம் காட்டியாயிற்று, அந்த லாபத்துக்கு வரி கட்டி, பங்குதாரருக்கு டிவிடெண்ட் கொடுத்து, மேலே இருப்பவர்களுக்கு போனஸும் கொடுத்தாயிற்று. வராத பணத்தைக் காட்டி இருக்கிற பணத்தை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். இதற்கு வங்கி வட்டாரத்தில் எவர்கிரீனிங் என்று பெயர். பட்டுப்போன மரத்துக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கிற வேலைக்கு எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்.

வாராக்கடனால் ஒரு வங்கி விழுந்தது என்றால் எல்லாரும் விழுந்த நாளைத்தான் பார்க்கிறோம்: மூடிய கதவு, நீளமான வரிசை, டிவிக்காரர்களின் வண்டி. என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு முந்தைய காலம். பணம் நிஜமாகவே போன நாள் ஒன்று இருக்கிறது, போய்விட்டது என்று வங்கி ஒத்துக்கொண்டு எழுதுகிற நாள் இன்னொன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சில நாடுகளில் ஓரிரு வருடம், சில நாடுகளில் பத்து வருடத்துக்கு மேல். சேதத்தில் பெரும்பங்கு அந்த இடைவெளியில்தான் உருவாகிறது, அதுவும் வங்கிப் பக்கமே போகாத ஆட்களின் வாழ்க்கையில்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு வங்கி 100 கடன் கொடுத்திருக்கிறது என்றால் அதில் அதன் சொந்தப் பணம், அதாவது பங்குதாரர் போட்ட மூலதனமும் வருடாவருடம் சேர்த்துவைத்த லாபமும், 8 என்று வைத்துக்கொள்வோம். மீதி 92 டெபாசிட்தாரர்களுடையது, வெளியில் கடனாக வாங்கியது. கொடுத்த கடனில் 10 தவணை தவறுகிறது, ஈடாக வாங்கிய நிலத்தையும் கட்டடத்தையும் விற்றால் 7 தேறுகிறது. நஷ்டம் 3. நூறில் மூன்றுதானே என்று தோன்றும். ஆனால் டெபாசிட்தாரருக்குத் தரவேண்டிய 92 அப்படியேதான் நிற்கும், அதில் கை வைக்க முடியாது, அந்த 3 கழிவது சொந்தப் பணத்திலிருந்து. 8 இப்போது 5. ஒவ்வொரு 100 கடனுக்கும் 8 மூலதனம் வேண்டும் என்பது விதியானால், 5-ஐ வைத்துக்கொண்டு அந்த வங்கி 62, 63-க்கு மேல் கடன் வைத்திருக்க முடியாது. ஒன்று புதிதாக மூலதனம் திரட்டவேண்டும் (கை சுட்டுக்கொண்ட வங்கியின் பங்கை யார் ஆசையாக வாங்குவார்கள்?), அல்லது கொடுத்திருக்கும் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருக்கவேண்டும். 3 போனதற்கு 34 சுருங்குகிறது.

யாரிடமிருந்து சுருக்குவது? கட்ட முடியாதவரிடம் கேட்டுப் பயனில்லை. ஒழுங்காகக் கட்டுகிறவரிடம்தான் கேட்க முடியும். வருடாவருடம் தானாகப் புதுப்பிக்கப்படும் நடைமுறை மூலதனக் கடன் இந்த வருடம் “மேலிடத்தில் பெண்டிங்” என்று நிற்கும், பாதி வேலை முடிந்த கட்டடத்துக்கு அடுத்த தவணை வராது, ஆர்டர் கையில் இருந்தும் மூலப்பொருள் வாங்கப் பணம் இருக்காது. அந்தத் தொழில்காரர் தன் சப்ளையருக்குத் தரவேண்டியதை இழுத்தடிப்பார், சப்ளையர் தன் ஆட்களுக்குச் சம்பளம் தள்ளிப்போடுவார். முதலில் ஏமாற்றியவர் யாரென்றே இவர்களுக்குத் தெரியாது. 1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்காவில் சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. அதில் சேமிப்பு போனது ஒரு பக்கம் என்றால், யாருக்குக் கடன் கொடுக்கலாம் யாருக்குக் கூடாது என்று பல வருடப் பழக்கத்தில் அந்த வங்கிகள் தெரிந்து வைத்திருந்ததும் அவற்றோடு சேர்ந்து அழிந்துபோனதுதான் மந்தத்தை இவ்வளவு ஆழமாக்கி நீட்டியது என்று பொருளாதார அறிஞர் பென் பெர்னான்கி 1983-ல் எழுதினார். அதற்காகத்தான் 2022-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஈடு விஷயமும் கொஞ்சம் விஷமமானது. நிலத்தை ஈடாக வைத்தால் பாதுகாப்பு என்று எல்லா வங்கியும் நினைக்கும். ஆனால் அந்த நிலத்தின் விலை ஏறியதே எல்லா வங்கியும் நிலத்தின் பேரில் கடன் கொடுத்ததால்தான். கடன் நின்றால் வாங்க ஆளில்லை, ஏலத்துக்கு வருகிற சொத்து மட்டும் கூடிக்கொண்டே போகும், விலை இறங்கும், நேற்றுவரை போதுமானதாக இருந்த ஈடு இன்று போதாது, நல்ல கடன்களும் கெட ஆரம்பிக்கும். ஒரு வங்கி தன்னளவில் புத்திசாலித்தனமாக விற்று வெளியேறுவது பக்கத்து வங்கியைக் குழியில் தள்ளும்.

இடையில் ஒரு விஷயம், ஏனென்றால் எப்போது பேச்சு எடுத்தாலும் இது குழப்பும். எழுதித் தள்ளுவது வேறு, தள்ளுபடி வேறு. தள்ளுபடி என்றால் கடனாளி இனி கட்டவேண்டாம். எழுதித் தள்ளுவது என்றால், இது வரும் என்ற நம்பிக்கை போய்விட்டது, என் நஷ்டமாக எழுதிக்கொண்டேன் என்று வங்கி தன் புத்தகத்தைச் சரிசெய்கிறது. வழக்கு, ஏலம், துரத்தல் எல்லாம் தொடரலாம். நடைமுறையில் எழுதித் தள்ளியதில் திரும்பி வருவது சொற்பம் என்பது உண்மைதான், அதனால் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எழுதித் தள்ளுவதையே குற்றமாகப் பார்த்தால், மறைக்கிற வங்கிக்குத்தான் நாம் பாராட்டு கொடுக்கிறோம் என்று ஆகும்.

சரி, ஏன் மறைக்கிறார்கள்? திருட்டுத்தனம் மட்டும் காரணம் என்றால் வேலை சுலபம், நாலு பேரை உள்ளே தள்ளினால் போதும். மேலாளருக்கு மூன்று வருடத்தில் இடமாற்றம், அதுவரை கடன் பச்சையாக இருந்தால் போதும், வெடித்தால் அடுத்தவர் தலையில். தலைமை அதிகாரிக்கு மூலதனம் குறைந்துவிட்டது என்று தெரிந்தால் டெபாசிட்தாரர்கள் ஓடிவந்துவிடுவார்கள் என்ற பயம், அந்தப் பயம் நியாயமானதே: டெபாசிட்டை எந்த நாளிலும் கேட்கலாம், கடனை நினைத்த நாளில் திரும்பக் கேட்க முடியாது, ஆகவே எல்லாரும் ஒரே நாளில் வந்து நின்றால் நல்ல வங்கியும் தாங்காது. பெரிய கடனாளியோ, என்னை இப்போது நெருக்கினால் ஆலையை மூடிவிடுவேன், இத்தனை ஆயிரம் பேர் தெருவுக்கு வருவார்கள், உங்கள் கணக்கிலும் ஓட்டை விழும், எப்படி வசதி என்று கேட்பார். கடன் ஒரு அளவைத் தாண்டினால் கைகட்டி நிற்பது வங்கிதான். கண்காணிக்கவேண்டிய அதிகாரியும் பொருளாதாரம் சரியானால் இவையெல்லாம் தானாகச் சரியாகும், இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்று விதியைத் தளர்த்துவார். ஒவ்வொருவருக்கும் அவரவர் இடத்தில் தள்ளிப்போடுவதுதான் புத்திசாலித்தனம். எல்லாருமாகச் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்.

மறைத்த வங்கி சும்மா இருப்பதில்லை என்பதுதான் அடுத்த ஆபத்து. அமெரிக்காவில் வீட்டுக் கடனுக்கென்றே இருந்த சேமிப்பு நிறுவனங்கள், பழைய காலத்தில் குறைந்த நிலையான வட்டிக்கு முப்பது வருடக் கடன் கொடுத்துவிட்டு, 1980-ஐ ஒட்டி வட்டி விகிதம் எங்கேயோ போனபோது டெபாசிட்டுக்கு அதைவிட அதிக வட்டி தரவேண்டிய நிலைக்கு வந்தன. சந்தை விலையில் கணக்குப் போட்டால் அப்போதே பல நிறுவனங்கள் காலி. மூடியிருக்கலாம். மூடுவதற்குப் பதில் மூலதன விதியைத் தளர்த்தி, கணக்கு எழுதும் முறையையும் தளர்த்தி, இதுவரை கை வைக்காத தொழில்களிலும் கடன் கொடுக்க அனுமதித்தார்கள். சொந்தப் பணம் எல்லாம் போனபின் அதை நடத்துகிறவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? டெபாசிட்டுக்கு அரசுக் காப்பீடு இருக்கிறது, அதிக வட்டி தருகிறேன் என்றால் பணம் வந்து கொட்டும், அதைக் கொண்டுபோய் வணிக வளாகங்களில் போட்டு, ஜெயித்தால் தப்பிக்கலாம், தோற்றால் அரசாங்கத்தின் பாடு. தோற்றார்கள். 1986-லிருந்து 1995-க்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மூடப்பட்டு, வரிப்பணத்தில் சுமார் 12,400 கோடி டாலர் போனது. ஆரம்பத்திலேயே மூடியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது.

இன்னொரு மறைப்பு பார்வைக்கு மிகவும் மரியாதையாக இருக்கும். அதுதான் இணைப்பு. விழப்போகிற வங்கியைத் தூக்கி நல்ல வங்கியின் மடியில் வைப்பது. பல நேரம் வேலை செய்யும், ஏற்கிற வங்கிக்கு வலு இருந்தால். 1929-ல் ஆஸ்திரியாவில் போடன்கிரெடிட்டான்ஸ்டால்ட் என்ற வங்கி தடுமாறியது, அதுவே இரண்டு வருடம் முன்பு வேறு நோஞ்சான் வங்கிகளை விழுங்கியிருந்தது. அரசு நெருக்கி அதை நாட்டின் பெரிய வங்கியான கிரெடிட்டான்ஸ்டால்ட்டின் தலையில் கட்டியது. வாராக்கடன் எங்கேயும் போகவில்லை, பெரிய பெயர்ப்பலகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. 1931 மே மாதம் அந்தப் பெரிய வங்கி தன் நஷ்டத்தை வெளியிட்டதும் பீதி எல்லை தாண்டியது: ஜூலையில் ஜெர்மனியின் டானாட் வங்கி விழுந்தது, செப்டம்பரில் பிரிட்டன் தன் நாணயத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த முறையையே கைவிட்டது. சின்ன வங்கியாக இருந்தபோது ஒரு நாட்டோடு முடிந்திருக்கவேண்டிய விவகாரம்.

ஜப்பானைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேசவேண்டும், ஏனென்றால் அந்த இடைவெளி எப்படி இருக்கும் என்பதை அங்கேதான் மெதுவாக, தெளிவாகப் பார்க்க முடிகிறது. 1989 கடைசியில் டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 38,915. அடுத்த வருடமே சரிவு, அதைத் தொடர்ந்து நில விலையும். ஆறு பெரிய நகரங்களில் வணிக நிலத்தின் விலை அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இறங்கியது. வங்கிகள் கொடுத்திருந்த கடனுக்கு ஈடே அந்த நிலம்தான். ஆக 1992, 93-லேயே பணம் போய்விட்டது. ஆனால் நிலம் திரும்ப ஏறும் என்று வங்கிகள் காத்திருந்தன, நிதி அமைச்சகமும் காத்திருந்தது. போருக்குப் பிந்தைய ஜப்பானில் எந்த வங்கியும் விழ விடப்படாது என்பது எழுதப்படாத விதி. கப்பல் கூட்டம் போகும்போது மிக மெதுவான கப்பலின் வேகத்தில்தான் எல்லாம் போகவேண்டும், அந்த மாதிரி ஒரு ஏற்பாடு.

1996-ல் ஜூசென் எனப்பட்ட ஏழு வீட்டுக்கடன் நிறுவனங்களைக் கலைக்க 68,500 கோடி யென் வரிப்பணம் தேவைப்பட்டது. ரியல் எஸ்டேட்காரர்களுக்குக் கடன் கொடுத்து விழுந்தவர்களுக்கு எங்கள் காசா என்று மக்கள் கொதித்தார்கள். கொதித்ததில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கொதிப்பைப் பார்த்த அரசியல்வாதிகள் வங்கிக்கு அரசுப் பணம் என்ற பேச்சையே எடுக்காமல் இரண்டு வருடம் ஓட்டினார்கள், ஓட்டை அதற்குள் இன்னும் பெரிதாகிவிட்டது.

1997 நவம்பர் வந்தது. மூன்றாம் தேதி சான்யோ செக்யூரிட்டீஸ் என்ற பங்குத் தரகு நிறுவனம் திவால். அது பெரிய நிறுவனம் ஒன்றும் இல்லை, ஆனால் வங்கிகள் தங்களுக்குள் ஒரு ராத்திரிக்குக் கைமாற்று வாங்கிக்கொள்ளும் சந்தையில் அது வாங்கிய பணம் திரும்பி வரவில்லை. போருக்குப் பிறகு அந்தச் சந்தையில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. தொகை பெரிதில்லை, ஆனால் நாளைக்கு எவன் தரமாட்டான் என்று யாருக்குத் தெரியும்? பாதியாண்டுக் கணக்கில் நன்றாக இருக்கிறேன் என்று காட்டிய யாரையும் யாரும் நம்பத் தயாராக இல்லை, ஏனென்றால் தன் கணக்கை எப்படி எழுதினோம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். 17-ம் தேதி ஹொக்கைடோ தக்குஷோக்கு வங்கி விழுந்தது, வடக்குத் தீவின் மிகப்பெரிய வங்கி. அதன் தொழிலை எடுத்துக்கொண்டது அதைவிடச் சின்ன உள்ளூர் வங்கி, எடுக்க மாட்டேன் என்ற கடனாளிகள் நடுத்தெருவில். 24-ம் தேதி யாமைச்சி செக்யூரிட்டீஸ். நூறு வருட நிறுவனம், வாடிக்கையாளர்களின் நஷ்டத்தைப் பேருக்கு ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குத் தள்ளித் தள்ளி சுமார் 26,000 கோடி யென்னைப் பல வருடம் மறைத்திருந்தது. தலைவர் ஷோஹேய் நோசாவா பதவிக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பத்திரிகையாளர் கூட்டத்தில் எழுந்து நின்று, தப்பு எங்களுடையது, ஊழியர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கு வேலை கொடுங்கள் என்று விம்மி அழுதார். அந்தக் காட்சி ஜப்பானில் இன்றைக்கும் மறக்கப்படவில்லை. மறைத்தவர்கள் வேறு, அழுதவர் வேறு, அடுத்த நாள் வேலை தேடிப்போன ஏழாயிரத்துச் சொச்சம் பேர் வேறு.

அதோடு முடியவில்லை. 1998-ல் இரண்டு பெரிய வங்கிகளை அரசே எடுத்துக்கொண்டது. 2002-ல் ஹெய்ஸோ தக்கேனாக்கா நிதித் துறைக்குப் பொறுப்பேற்று, ஈட்டை இன்றைய விலையில் மதிப்பிடுங்கள், பெரிய வங்கிகள் வாராக்கடனைப் பாதியாகக் குறைத்தே ஆகவேண்டும் என்று கழுத்தில் கத்தி வைத்த பிறகுதான் அவை கொடுத்த கடனில் 8.4 விழுக்காடாக இருந்த வாராக்கடன் 2005 மார்ச்சில் 2.9-க்கு வந்தது. மூன்றே வருடம். அந்த மூன்று வருட வேலையை ஆரம்பிக்கப் பத்து வருடம் ஆகியிருந்தது.

அந்தப் பத்து வருடத்தில் வங்கிகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை ரிக்கார்டோ கபாயேரோ, தக்கேயோ ஹோஷி, அனில் கஷ்யப் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2008-ல் ஒரு ஆய்வில் விவரமாகக் காட்டினார்கள். நாட்டிலேயே நல்ல பெயருள்ள கம்பெனிக்கு என்ன வட்டியோ அதைவிடக் குறைந்த வட்டிதான் சில நொடித்த கம்பெனிகள் கட்டிக்கொண்டிருந்தன; அதாவது வங்கி அவற்றுக்கு மறைமுகமாகப் பிச்சை போட்டுக்கொண்டிருந்தது. இவற்றுக்கு ஜாம்பி என்று பெயர், செத்த பின்னும் நடமாடுகிறவை. ஜாம்பிகள் நிறைந்த தொழில்களில் புது வேலை உருவாவதும் உற்பத்தித் திறனும் குறைந்தன, நல்ல கம்பெனிகள்கூட முதலீட்டையும் ஆள் எடுப்பதையும் குறைத்தன. ஏன் என்று புரிந்துகொள்வது கஷ்டமில்லை. நஷ்டத்துக்கு விற்றாலும் மூட வேண்டாதவனோடு போட்டி போடுகிறீர்கள். அவன் விலையை உடைப்பான், ஆட்களைப் பிடித்து வைத்துக்கொள்வான், கடையைக் காலி செய்ய மாட்டான். நியாயமாகத் தொழில் செய்கிறவனுக்கு அங்கே என்ன வேலை?

இதில் எனக்கு மிகவும் வலிப்பது இளைஞர் விஷயம்தான். ஜப்பானிய கம்பெனிகள் இருக்கிற ஊழியர்களை அனுப்பாமல், புதிதாக எடுப்பதை நிறுத்தின. படிப்பு முடிந்த கையோடு வேலைக்குச் சேரவில்லை என்றால் பிறகு நுழைவதே கஷ்டம் என்கிற ஊரில், 1993 தொடங்கி 2000-களின் நடுப்பகுதி வரை கல்லூரி முடித்து வந்தவர்களுக்கு வாசலே திறக்கவில்லை. வேலைவாய்ப்பின் பனிக்காலத் தலைமுறை என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. 2019-ல் அரசாங்கம் அவர்களுக்கென்று தனித் திட்டம் போட்டபோது அவர்கள் முப்பதுகளின் நடுவிலும் நாற்பதுகளிலும் இருந்தார்கள். நில விலை உச்சத்தில் இருந்தபோது பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் இருந்தவர்கள். ஒரு கடன் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதவர்கள்.

ஸ்வீடனிலும் ஏறக்குறைய இதே நேரத்தில் இதே நோய்தான்: 1980-களில் கடன் கட்டுப்பாடுகள் தளர்ந்து, கட்டட விலை எகிறி, 1990-91-ல் சரிந்து, வங்கிகள் தள்ளாட, 1992 செப்டம்பரில் நாணயத்தைக் காப்பாற்ற மத்திய வங்கி ஒரு ராத்திரிக் கடன் வட்டியை 500 விழுக்காட்டுக்கு ஏற்றிய கூத்தும் நடந்தது. ஆனால் அவர்கள் செய்தது வேறு. கடன் கொடுத்தவர்களுக்கும் டெபாசிட்தாரர்களுக்கும் அரசு பொறுப்பு, பங்குதாரர்களுக்குக் கிடையாது என்று அறிவித்தார்கள். உதவி வேண்டும் என்று வருகிற வங்கி முதலில் எல்லா நஷ்டத்தையும் மேசையில் வைக்கவேண்டும், சொத்துகளை வெளியாட்கள் குழு மதிப்பிடும். இந்த நிபந்தனைகளைப் பார்த்ததும், உதவி கேட்டு வந்த எஸ்இபி வங்கி விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு தன் பங்குதாரர்களிடமே பணம் திரட்டிக்கொண்டது! அரசு கைக்குள் வந்த இரண்டு வங்கிகளின் கெட்ட கடன்களைத் தனியே பிரித்து செக்யூரம், ரெட்ரீவா என்று இரண்டு நிறுவனங்களில் போட்டார்கள், பத்துப் பதினைந்து வருடம் ஆகும் என்று நினைத்த செக்யூரத்தின் வேலை 1997-லேயே முடிந்தது. அரசு போட்ட பணம் நாட்டின் ஆண்டு உற்பத்தியில் சுமார் 4 விழுக்காடு, அதில் பெரும்பகுதி பின்னால் திரும்பி வந்தது. சின்ன நாடு, ஏற்றுமதி கைகொடுத்தது, அதிர்ஷ்டமும் இருந்தது. ஆனால் நஷ்டத்தை எழுதுகிற நாளை அவர்கள் முன்னால் இழுத்து வந்தார்கள் என்பதை அதிர்ஷ்டத்தில் சேர்க்க முடியாது.

இந்தியாவிலும் 2015-ல் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தபோது கடன்களின் தரத்தைத் தோண்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன், கொடுத்த கடனில் 11 விழுக்காட்டைத் தாண்டியது. ராஜன் வந்துதான் கடன் கெட்டது என்று அப்போது சிலர் சொன்னார்கள், தெர்மாமீட்டர் வைத்ததால்தான் காய்ச்சல் வந்தது என்பதைப் போல. பொதுத்துறை வங்கிகளுக்கு ஐந்து வருடத்தில் 3 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் மூலதனம் போடவேண்டியிருந்தது. 2024 மார்ச் வாக்கில் விகிதம் 3-க்குக் கீழே வந்துவிட்டது, அதில் வசூலானது எவ்வளவு, எழுதித் தள்ளியது எவ்வளவு என்ற சண்டை தனி.

யார் சுமப்பது என்ற கேள்வி எப்படியும் வரும். முறைப்படி வரிசை உண்டு: பங்குதாரர், பிறகு வங்கியின் கடன் பத்திரங்களை வாங்கியவர், கடைசியில் காப்பீட்டு வரம்புக்கு மேல் வைத்திருக்கும் டெபாசிட்தாரர். 2013 மார்ச்சில் சைப்ரஸில் அந்தக் கடைசி வரிசையே கரைந்தது. கிரேக்க அரசின் கடன் பத்திரங்களில் மாட்டிய வங்கிகளைக் காப்பாற்ற, முதலில் எல்லா டெபாசிட்டிலும், ஒரு லட்சம் யூரோவுக்குக் கீழே இருப்பதிலும்கூட, ஒரு பங்கை வரியாக எடுப்போம் என்றார்கள், நாடாளுமன்றம் மறுத்தது. பிறகு ஒரு வங்கியை மூடி, இன்னொன்றில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இருந்த பணத்தில் 47.5 விழுக்காட்டை அந்த வங்கியின் பங்காக மாற்றிக் கையில் கொடுத்தார்கள். சம்பளம் போடுவதற்காகக் கணக்கில் பணம் வைத்திருந்த கம்பெனியும் அதில் உண்டு. கிட்டத்தட்ட இரண்டு வாரம் வங்கிகள் மூடியிருந்தன, திறந்த பிறகு ஒரு நாளைக்கு 300 யூரோதான் எடுக்கலாம்.

அயர்லாந்து நேர் எதிர்த் திசையில் போனது. 2008 செப்டம்பர் 29 இரவு அமைச்சர்களும் வங்கிக்காரர்களும் கூடி, விடிவதற்குள் ஆறு வங்கிகளின் ஏறக்குறைய எல்லாக் கடன் பொறுப்புக்கும் அரசு உத்தரவாதம் என்று முடிவெடுத்தார்கள். சுமார் 44,000 கோடி யூரோ, நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பணப் புழக்கம் தற்காலிகமாகத் தடைப்பட்டிருக்கிறது, கடன்கள் நல்லவைதான் என்று வங்கிகள் சொன்னதை நம்பிப் போட்ட கையெழுத்து. கடன்கள் நல்லவையாக இல்லை. பணம் ஏற்கெனவே போயிருந்தது, கட்டடமாக நின்றிருந்தது. வங்கிகளுக்கு மொத்தம் சுமார் 6,400 கோடி யூரோ போடவேண்டியதாயிற்று, 2010-ல் அரசின் பற்றாக்குறை ஆண்டு உற்பத்தியில் 30 விழுக்காட்டைத் தாண்டியது, அந்த நவம்பரில், சில வருடம் முன்புவரை கடனே அதிகம் இல்லாத அரசு சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில் நின்றது. சம்பள வெட்டு, உதவித்தொகை வெட்டு, வேலை தேடிக் கப்பல் ஏறிய இளைஞர்கள்.

கெட்ட கடன்களை வாங்க நாமா என்றொரு அரசு நிறுவனம் வந்தது. 7,400 கோடி யூரோ முகமதிப்புள்ள கடன்களுக்கு அது கொடுத்த விலை சுமார் 3,200 கோடி. அந்தக் கடன்களுக்குப் பின்னால் இருந்ததைப் பார்க்கவேண்டுமானால் ஊருக்கு வெளியே போகவேண்டும். 2010-ல் கணக்கெடுத்தபோது இரண்டாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட வீட்டு மனைத் திட்டங்கள் முடிக்கப்படாமல் கிடந்தன. தெருவிளக்குக் கம்பம் இருக்கும், விளக்கு எரியாது. சாலைக்கு மேல்பூச்சு இருக்காது, சாக்கடை மூடி தரைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். நாற்பது வீட்டில் நாலு குடும்பம், அவர்கள் முழு விலை கொடுத்து முழுக் கடன் வாங்கியவர்கள். பேய் எஸ்டேட் என்றே அவற்றுக்குப் பெயர். சிலவற்றை இடித்தார்கள், பலவற்றை மெதுவாக முடித்தார்கள்.

கட்டடத் தொழிலுக்குக் கடன் கொடுக்க அப்புறம் எந்த வங்கிக்கும் மனசு வரவில்லை, கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருந்தார்கள். 2006-ல் சுமார் 90 ஆயிரம் வீடு கட்டிய நாடு 2013-ல் ஐயாயிரம்கூடக் கட்டவில்லை. 2010 வாக்கில் காலி வீடுகளை என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற அதே அயர்லாந்தில் இன்று வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை, நல்ல வேலையில் இருக்கிற முப்பது வயதுக்காரர்கள் அப்பா அம்மாவோடு பழைய அறையிலேயே தங்கியிருக்கிறார்கள்.